புலிப் படத்தின் கதாநாயகி

கொட்டகை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நான் திரைக்கு ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்திருந்தேன். வெறும் கையால் தொட்டால் அந்த மைக் ஷாக் அடிக்கும். கைக்குட்டையைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து ஸ்டூலில் அஞ்சலையக்கா. திரையில், மரத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்ட ராஜகுமாரி ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். படத்துக்கு ஒலி கிடையாது. அந்த அழுகைக்கு அஞ்சலையக்காதான் குரல்.

"நாலு நாளு காய வெச்ச கருவாடாச்சே... பூனை தூக்கினு போயிடுச்சே..."

தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் மணலில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள். பெஞ்சில் ஒருவருக்குப் பொரிகடலை புரையேறி, பக்கத்தில் இருந்தவர் அவர் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார்.

அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கருநீலப் புடவை. முந்தானையால் வாயை மூடியிருந்ததால் அவரும் சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திரையில் வெளிச்சம் கூடிய ஒரு நேரத்தில் முந்தானை நழுவியது. அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ராஜகுமாரியின் வாய் அசையும்போது அசைந்தன. அவள் வாய் மூடும்போது மூடின.

என் வேலை மறந்துபோயிற்று. திரையில் புலி வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. அஞ்சலையக்கா என் விலாவில் குத்தினார்.

"உறுமு தம்பி."

உறுமினேன். ஆனால் கண் அந்த மூன்றாவது வரிசையை விட்டு வரவில்லை.

பிரெஞ்சு படித்தவன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் போகிற போக்கில் 'நான் கொட்டகையில் வேலை பார்த்த காலத்தில்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கொட்டகையில் என்ன வேலை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டருக்குக் குரல் கொடுத்தேன். புலிக்கும் கொடுத்தேன். இதை விளக்காமல் விட்டால் நன்றாக இருக்காது.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் 'ப்ரவே' என்கிற பிரெஞ்சுப் பரீட்சை தேறியவன் நான் ஒருவன்தான். அப்பா அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். பிரெஞ்சு எழுதத் தெரிந்தவனுக்குச் சாகும்வரை மேசையும் நாற்காலியும் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

நான் தேறிய சூடு ஆறுவதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரே பட்டாசு வெடித்தது. நானும் வெடித்தேன். பிறகு வேலை கேட்டுப் போனால் எங்கே பார்த்தாலும் இங்கிலீஷ் கேட்டார்கள். எனக்கு இங்கிலீஷில் குட்மார்னிங் வரை தெரியும். மத்தியானத்துக்கு மேல் கஷ்டம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தேன். அப்பா சட்டத்தைக் கழற்றவில்லை. என்னோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் அம்மாவிடம், "அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் சபாபதியண்ணன் கூப்பிட்டு அனுப்பினார்.

பெட்டிக்குள் பல்

நெல்லித்தோப்பு ஓரத்தில் சபாபதியண்ணன் டென்ட் கொட்டகை வைத்திருந்தார். மேலே கீற்று, பக்கவாட்டில் படுதா, கீழே கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாக அடித்த மணல். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டி. உள்ளே நுழைந்தால் பீடியும் ஈரக் கீற்றும் வேர்க்கடலையும் கலந்த ஒரு வாசனை வரும். இப்போதும் மழைக்காலத்தில் எங்கேயாவது கீற்றுக் கொட்டகையைக் கடந்தால் எனக்குப் புலி ஞாபகம் வருகிறது.

புதுப் படங்கள் எல்லாம் டவுனில் இருந்த கட்டடத் தியேட்டர்களுக்குப் போய்விடும். ஊரெல்லாம் சுற்றிக் கடைசியாகத்தான் இவருக்கு வரும். அதற்குள் ஃபிலிமில் கீறல் விழுந்து கதாநாயகன் முகத்தில் மழை பெய்ய ஆரம்பித்திருக்கும். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கொட்டகையைப் பிரித்து மூங்கிலை விற்றுவிடலாமா என்கிற யோசனையில் இருந்தார்.

அந்தச் சமயத்தில் உப்பளம் பக்கம் ஒரு பழைய கிடங்கைக் காலி செய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஃபிலிம் பெட்டி ஒன்று அதில் இருந்தது. உள்ளே பாரிஸ் டான்ஸ் படங்கள் இருக்கின்றன, கூட்டம் அள்ளும் என்று யாரோ ஆசை காட்ட, அண்ணன் எடுத்துவிட்டார்.

கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால், பல்.

ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப் பல். பக்கத்தில் மீசை வைத்த ஒரு பிரெஞ்சு டாக்டர் கையில் துடைப்பம் அளவுக்கு ஒரு பிரஷ். பல் துலக்குவது எப்படி என்று ஜனங்களுக்குப் பாடம் நடத்த எடுத்த பழைய ஊமைப் படம் அது. அடுத்த டின்னில் ஈ. ஈக்களால் வரும் கேடு. அதற்கடுத்த டின்னில் குழந்தையைக் குளிப்பாட்டும் முறை. நடுநடுவே பிரெஞ்சில் எழுத்துகள் வரும்.

பெட்டியின் அடியில் ஒரே ஒரு தமிழ்ப் படம் இருந்தது. அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் ரீல் இல்லாததால் படத்தின் பெயரும் தெரியவில்லை. ஒலியைப் போட்டால் காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது. படத்தில் ஒரு புலி வந்தது. ஆகவே நாங்கள் அதைப் புலிப் படம் என்றோம்.

இவ்வளவையும் வாங்கிவிட்டுச் சும்மா விட முடியுமா? படம் தொடங்குமுன் பல்லையும் ஈயையும் போடுவது, அந்த எழுத்துகளை நான் மைக்கில் தமிழாக்கிச் சொல்வது என்று ஏற்பாடு. பிரெஞ்சுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அஞ்சலையக்கா

முதல் நாள் நான் மிகவும் சுத்தமான தமிழில் ஆரம்பித்தேன். "பற்களை மேலிருந்து கீழாகவும், பின்னர் கீழிருந்து மேலாகவும் துலக்குதல் வேண்டும்." கூட்டம் கொட்டாவி விட்டது. ஒரு குழந்தை அழுதது. பல் மெதுவாகச் சுழன்றது.

தரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னா தம்பி, அந்தாளு திமிங்கிலத்து வாயில கைய வுட்டுப் புடுங்கினு வந்துட்டானா?"

கொட்டகை சிரித்தது. அது வைத்திக்குப்பத்து அஞ்சலையக்காவின் குரல் என்று எனக்குத் தெரியும். காலையில் கூடையோடு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். முப்பத்தைந்து வயதுக்குள் தெருவில் அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் வைத்து முடித்திருந்தார். எனக்கு வைத்தது 'முசியே', பிரெஞ்சில் ஐயா.

நான் கோபப்பட்டிருக்கலாம். ஏனென்று தெரியாது, திரையில் இருந்த டாக்டர் அந்த நேரம் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் அவருடைய மிடுக்கிலேயே மைக்கில் பதில் சொன்னேன்.

"ஆமாம் மதாம். நேற்றுத்தான் உங்கள் குப்பத்துக் கரையில் ஒதுங்கியது. வலது பக்கம் லேசாகச் சொத்தை."

அன்றைக்கு அந்தப் பல் படம் முடியும்வரை அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், டாக்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு போட்ட பெரிய படத்தை யாரும் கவனிக்கவில்லை. வெளியே போகும்போது ஒருவர் சபாபதியண்ணனிடம், மறுபடி பல் எப்போது என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் திரைப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போட்டார். அக்காவைக் கூப்பிட்டபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை. "இம்மாம் நாளா டிக்கெட்டு வாங்கினு கத்தனேன். இனிமே டிக்கெட்டு இல்லாம கத்தணும். அவ்வளவுதான?" என்றார்.

ஈ படத்தில் அவர் ஈயாகிவிட்டார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் ரொட்டியை வலை போட்டு மூடுவாள். ஈ வலைக்கு மேல் உட்கார்ந்து கையைக் கையைத் தேய்க்கும். கல்யாணத்துக்கு வந்து சாப்பாடு கிடைக்காத சொந்தக்காரர் மாதிரி அக்கா பேசுவார். "நான் ஒண்ணும் புதுசா வரல. உங்க மாமியா காலத்துலேர்ந்து இந்த வூட்லதான் சாப்புடறேன். அந்தம்மா ஒருநாளு மூடினதில்ல."

குளியல் படத்தில் தாய் தண்ணீரில் சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை வைப்பாள், எடுப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், முழங்கையை விட்டுப் பார்ப்பாள், மறுபடி குழாயை வைப்பாள். மேசைமேல் குழந்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அக்கா குழந்தையாகக் கேட்பார்: "ஏம்மா, குளிப்பாட்டப் போறியா, கொழம்பு வெக்கப் போறியா?"

இதைப் பார்க்க ஒருநாள் வெள்ளைக்காரர் தெருவிலிருந்து ஒரு வயதான மதாம் ரிக்‌ஷாவில் வந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் பிரெஞ்சில், தன் தம்பியை அவர்கள் அம்மா இப்படித்தான் குளிப்பாட்டினாள், அவன் இன்றுவரை தண்ணீரைக் கண்டால் ஓடுகிறான் என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒருவர் என்னிடம் பிரெஞ்சில் பேசினார். நானும் தடுமாறாமல் பதில் சொன்னேன். வீட்டுக்கு நடக்கும்போது தரை காலில் படவில்லை.

அப்பாவுக்குச் செய்தி போயிற்று. "ப்ரவே தேறினவன் பல்லுக்குப் பேசறானாம்" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்கியதில் லேசாக வாய் கோணியது என்று அம்மா பிறகு சொன்னாள்.

எல்லாவற்றிலும் மேலே புலிப் படம். ராஜா, ராஜகுமாரி, ஒரு மலை, ஒரு புலி. மலை துணியில் வரைந்தது. காற்றடித்தால் அலை அடிக்கும். ராஜாவின் மீசை ஒரு காட்சியில் இடது பக்கம் மட்டும் இருக்கும். புலி பாய்ந்து வரும்போது வால் கழன்று விழும். திரை ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொள்ளும். அந்தக் கை வரும் நேரத்துக்காகவே சிலர் ஒவ்வொரு வாரமும் வந்தார்கள். வந்து, கையைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்கள்.

அண்ணன் மூங்கிலை விற்கும் பேச்சை விட்டுவிட்டு, கூடுதலாக இரண்டு வரிசை பெஞ்சு செய்யச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம்

அந்தக் கருநீலப் புடவை அம்மாள் வந்தது அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு மத்தியானம் அவர் தனியாகக் கொட்டகைக்கு வந்தார். நான், சபாபதியண்ணன், அஞ்சலையக்கா மூவரும் இருந்தோம். அண்ணன் அறுந்த ஃபிலிமை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

படுதாவை விலக்கிக்கொண்டு நின்றவர், "புலி வர்ற படம் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டார். யாரோ உரிமை கொண்டாட வந்துவிட்டார்கள் என்று அண்ணன் பதறி, ஏலத்தில் எடுத்த கதையைச் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மரத்துல கட்டிப்போட்டிருக்கிற பொண்ணு நாந்தான்."

அண்ணன் கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது, தலையில் நரை ஓடியிருந்தது. ஆனால் கண்கள் அதே கண்கள். வாராவாரம் பத்தடி உயரத்தில் பார்த்த கண்கள்.

அஞ்சலையக்கா எழுந்து நின்றார். "நேத்து நீங்க உள்ள இருந்தீங்களாம்மா? மனசு நோவற மாதிரி பேசியிருந்தோம்னா சொல்லிடுங்க. இன்னியோட அந்தப் படத்த வுட்டுடறோம்."

புலிப் படம் போனால் கொட்டகை போய்விடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்கிற மாதிரி ஆட்டினார்.

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். பெயர் தெய்வானை. பதினேழு வயதில் சித்தியோடு மதராஸில் ஒரு நாடகக் கம்பெனியில் இருந்தார். அந்தக் கம்பெனிக்காரர்கள் கையில் இருந்ததை வைத்து ஒரே ஒரு படம் எடுத்தார்கள். அதற்கு இவர்தான் கதாநாயகி. படம் வெளியே வருமுன்பே புதுச்சேரியில் கல்யாணம் நிச்சயமாகி, உப்பளத்துக்கு வந்துவிட்டார். கணவர் துறைமுகத்துக் கிடங்கில் மேஸ்திரி. சினிமாப் பேச்சை எடுக்கக் கூடாது என்று கணவரின் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கணவர் கெட்டவர் இல்லை. ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். படம் எங்கேயோ சில நாள் ஓடி நின்றுவிட்டது என்று மட்டும் கேள்விப்பட்டார்.

"நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல. நேத்து பக்கத்து வூட்டுப் பொண்ணு, பல்லு படம் பாக்கலாம் வாக்கான்னு இட்டாந்துச்சு. பல்லு முடிஞ்சுது. திடீர்னு நான் வரேன்."

வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. யாரும் சிரிக்காமல் ஒருமுறை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

படுதாக்களை எல்லாம் இறக்கினோம். உள்ளே வெந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தெய்வானையம்மா முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். ராஜகுமாரியின் முகம் திரை முழுக்க முதன்முதலாக வந்தபோது, தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மலை ஆடியது, வால் விழுந்தது, கை வந்தது. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முடிந்ததும் அஞ்சலையக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அழுகிற இடத்தில் உண்மையிலேயே என்ன வசனம் என்று கேட்டார். ஒலி இருந்திருந்தாலும் தன் குரல் அதில் இருக்காது என்றார் தெய்வானையம்மா. ஆம்பிளைக் குரல் மாதிரி இருக்கிறது, ராஜகுமாரிக்கு ஆகாது என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். மலைத் துணிக்குப் பின்னால் வேறொரு பெண் நின்று வசனத்தைச் சொல்ல, இவர் வாயை மட்டும் அசைத்தாராம்.

"மூஞ்சி என்னுது, கொரல் வேற ஒருத்தியோடது. அதுதான் இம்மாம் வருஷமும் உள்ள உறுத்திக்கினே இருந்துச்சு."

எழுந்து ஸ்டூல் பக்கம் வந்து மைக்கைப் பார்த்தார். இதில் பேசினால் கடைசி பெஞ்சு வரை கேட்குமா என்றார். நான் கைக்குட்டையைச் சுற்றி நீட்டினேன். அவர் லேசாகத் தொண்டையைச் செருமி, "யாரங்கே" என்றார்.

கனமான குரல். கீற்றில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்துபோயின.

"இந்தக் கொரலயா வேணாம்னான் அந்தப் படுபாவி?" என்றார் அஞ்சலையக்கா. பிறகு தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டார். "வர்ற சனிக்கெழம ராஜகுமாரி நீங்கதாம்மா. நான் மலைக்குப் பேசிக்கறேன்."

ஜட்கா வண்டி

படத்தின் உண்மையான பெயரையும் தெய்வானையம்மா சொன்னார். ஆறேழு சமஸ்கிருத வார்த்தைகள் சேர்ந்த பெயர். சபாபதியண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, புலிப் படமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. ஜட்கா வண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, மேளத்தோடு ஊரைச் சுற்றவிட்டார். 'புலிப் படத்தின் கதாநாயகி நேரில் தோன்றித் தன் வாயாலேயே பேசுகிறார்.' வண்டி நெல்லித்தோப்பைச் சுற்றி, வைத்திக்குப்பம் போய், கடற்கரை வழியாக உப்பளத்துக்கும் போயிருக்கிறது. அந்த அம்மாள் வீட்டு வாசலிலேயே நின்று மேளம் அடித்திருக்கிறார்கள். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொன்னாள். கணவரின் அண்ணன் வந்து கூடத்தில் நின்று சத்தம் போட்டாராம். குடும்ப மானம், தெருவில் மேளம் என்று என்னென்னவோ. கணவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். இனி தெய்வானையம்மா வரமாட்டார் என்றே நாங்கள் முடிவு செய்துவிட்டோம். தப்புக்கு நாம்தானே காரணம் என்று அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்கு வெளியே மாட்டுவண்டிகள் நின்றன. கடலூர்ப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். வைத்திக்குப்பம் மொத்தமும் தரையில் இருந்தது. அண்ணன் படுதாவைத் தூக்கிக் கட்டிவிட்டு, வெளியே நின்றவர்களும் பார்க்கட்டும் என்றார். என் அப்பா நாற்காலி வரிசையில், என்னைத் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பல்லைப் போட்டோம். குளியலைப் போட்டோம். ஈயை இரண்டு தடவை போட்டோம். இரண்டாம் தடவை அக்கா புதுசாகப் பேசினார் என்றாலும் கூட்டம் பொறுமை இழந்தது. ராஜகுமாரி எங்கே என்று விசிலடித்தார்கள். அண்ணன் எழுந்துபோய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, திரைக்குப் பின்னால் படுதா விலகியது.

தெய்வானையம்மா வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. பட்டுப் புடவை கட்டியிருந்தார்.

"வூட்ல கேட்டீங்களாம்மா?" என்றார் அஞ்சலையக்கா.

"கேட்டேன். அவரு வேணாம்னாரு."

"அப்புறம்?"

"சோறாக்கி மூடி வெச்சுட்டு வந்துட்டேன்."

அக்கா அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, போடு என்று அண்ணனுக்குச் சைகை காட்டினார்.

ராஜகுமாரி பேசினார்

முதல் காட்சி நந்தவனம். ராஜகுமாரி ஒரு பூவைப் பறித்து முகர்வாள். அந்தக் கனத்த குரல் கொட்டகையில் எழுந்தது.

"இது காகிதப் பூவு. மோந்து பாக்கச் சொன்னாங்க. பசை வாசனை."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு தரையிலிருந்து சிரிப்பு கிளம்பி நாற்காலி வரை போயிற்று. நாங்கள் இதுவரை இல்லாததைச் சொல்லிச் சிரிக்கவைத்தோம். அவர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். அதைப் போல ஒரு வேடிக்கை இல்லை.

ராஜா குதிரையில் வருவார். இடுப்புக்கு மேல்தான் தெரியும்.

"வாடகைக் குதிரை. ராஜா ஏற மாட்டேன்னுட்டாரு. பெஞ்சு மேல உக்காந்து குலுங்கறாரு, நல்லாப் பாருங்க."

ராஜாவுக்கு நான்தான் குரல். "பெண்ணே, பெஞ்சு என்று உரக்கச் சொல்லாதே. பிரஜைகள் பார்க்கிறார்கள்."

"சீக்கிரம் பேசி முடிங்க" என்றது மலை. "காத்தடிக்குது. நான் வுழுந்துடுவேன்."

இப்படியே போய், மரத்தில் கட்டிப்போட்ட காட்சி வந்தது. ராஜகுமாரி அழ ஆரம்பித்தாள். அவர் உதடு அசைந்து நான் பார்த்த இடம் இது. அவர் இங்கே உடைந்துவிட்டால் என்ன செய்வது?

அவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏன் அழுவறேன்னு பாக்கறீங்களா? காலையிலேர்ந்து சோறு போடல. சமைக்கிற ஆளு, அதோ வர்றாரு பாருங்க, அந்தப் புலித்தோலுக்குள்ள இருக்காரு. அவரு என்னைத் தின்னு முடிச்சிட்டுப் போயிதான் உலை வெக்கணும்."

புலி தாவி வந்து வாயைத் திறந்தது. நான் உறுமவில்லை. மிகவும் பணிவாகக் கேட்டேன்.

"அம்மா, அரிசி எவ்வளவு போடட்டும்?"

அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவில் இருந்த தட்டி சாய்ந்துவிட்டது. யாரும் அதை நிமிர்த்தவில்லை. சபாபதியண்ணன் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் படம் திரையில் மேலும் கீழும் குதித்தது. என் அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியின் கடைசியில் ராஜகுமாரி அழுகையை நிறுத்தி, நிமிர்ந்து நேராகப் பார்ப்பாள். திரை முழுக்க அந்த முகம். அங்கே என்ன சொல்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. சிரிப்பு அடங்கிக்கொண்டிருந்தது. தெய்வானையம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்.

"அப்ப எனக்குப் பதினேழு வயசு. நல்லாத்தான் இருந்தேன், இல்ல?"

வேர்க்கடலை உடைக்கிற சத்தம்கூட இல்லை. தரையிலிருந்து குப்பத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்.

"இப்பவும் நல்லாத்தாம்மா கீற."

அதன்பிறகு எழுந்த கைதட்டலில் கீற்றிலிருந்து தூசி கொட்டியது. விசில், மேளம் கொண்டுவந்தவர்களின் மேளம், எல்லாம் சேர்ந்துகொண்டது. மிச்சப் படத்துக்கு நாங்கள் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. அது ஒருபக்கம் தானாக ஓடி முடிந்தது.

வெளியே

ஆட்டம் விட்டதும் கூட்டம் கலையவில்லை. கொட்டகை வாசலில் தெய்வானையம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். மீசை எப்படி விழுந்தது, அந்தக் கை யாருடையது என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் அவர் அந்தக் கனத்த குரலில் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். கடலூர்க்காரர்கள் அடுத்த சனிக்கிழமையும் உண்டா என்று கேட்டதற்கு, புலிக்குச் சோறு போடுகிறவரை உண்டு என்றார். அப்படித்தான் ஆயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார்.

அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "பிரெஞ்சு டாக்டருக்கு உச்சரிப்பு சரியா இருந்துச்சு" என்றார். நேராக என்னிடமே சொன்னார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் வரப் பார்த்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, ஒல்லியான உடம்பு. புலிப் படம் தொடங்கியதிலிருந்து கடைசி மூங்கிலில் சாய்ந்து நின்றுகொண்டே பார்த்தவர். பெஞ்சில் இடம் தந்தும் உட்காராதவர். முன்னால் நின்றவர்கள் வழிவிடவில்லை. எல்லோரும்தான் பார்க்கணும், தள்ளாதீங்க என்றார்கள்.

அவர் ஏதோ முணுமுணுத்தார். யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சலையக்கா திரும்பி, "யாருங்க நீங்க, இன்னா வேணும்?" என்றார்.

தெய்வானையம்மா அப்போதுதான் அவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

அந்த மனிதர் ஒரு நிமிஷம் சைக்கிள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, கிடங்கில் ஆட்களைக் கூப்பிடுகிற குரலில், வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ராஜகுமாரியோட வூட்டுக்காரன்."

கூட்டம் அப்படியே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரோ அவருக்கும் கைதட்டினார்கள். தெய்வானையம்மா சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கணவர் மட்டும் ஏறி மிதிக்கவில்லை. விளக்கு எரிகிற பெரிய தெரு வழியாக, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று, மெதுவாகத் தள்ளிக்கொண்டே உப்பளத்துக்கு நடந்தார்.